கூரையைத் தொடாத சுவர்

என் தாய்மாமா ஒரு பொய்யர். நாலு பெரியவர்கள் கூடிய சபையில், தெரிந்தே, வாய் கூசாமல் பொய் சொன்னவர். இதை அவரிடமே இரண்டு முறை சொல்லிவிட்டேன். முதல் முறை சிரித்தார். இரண்டாம் முறை போனை வைத்துவிட்டார். அதனால் எழுதுகிறேன்.

போன மாதம் என் மகள் ஒரு வீடியோவைக் காட்டினாள். சென்னையில் ஏதோ ஓர் அரங்கம். நவீன வடிவமைப்பு எங்கே பிறந்தது, இன்று நம் வீடுகளுக்குள் எப்படி வந்து உட்கார்ந்திருக்கிறது என்று மாமா பேசுகிறார். நரைத்த தாடி, கறுப்புச் சட்டை, சட்டைக்குப் பொருத்தமான மூக்குக்கண்ணாடி. பின்னால் திரையில் ஒரு படம். வெள்ளைக் கூடம், தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி, கண்ணாடிக்கு அப்பால் கடல். நடுவில் இரும்புக் குழாய் நாற்காலியில் ஒரு சிறுமி தலையைத் திருப்பி எதையோ பார்க்கிறாள். "அந்தக் குழந்தை வெளிச்சத்தைத் தேடுகிறது, பாருங்கள்" என்கிறார் மாமா. "என் அக்காவுக்கு நான் கட்டிக்கொடுத்த வீடு. எங்கள் ஊர்ப் பெண்களுக்குக் கிடைத்த முதல் சுதந்திரம் இது என்று சொல்வேன்." அரங்கமே கைதட்டுகிறது.

அந்தச் சிறுமி நான்தான். வெளிச்சத்தைத் தேடவில்லை.

எனக்கு மேடைப்பேச்சு வராது. அறந்தாங்கியில் டைல்ஸ், குழாய், கதவுச் சாமான் விற்கிற கடை வைத்திருக்கிறேன். ஆனால் மாமா பேசியதில் பாதியை நான் தினமும் கண்ணால் பார்க்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் போனில் ஒரு படத்தைக் காட்டி, "இந்த மாதிரி ப்ளெயினா வேணும், பூவு கீவு எதுவும் வேணாம்" என்கிறார்கள். ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகு வைத்திருக்கிறவரும் அதையே கேட்கிறார். திருமயம் பக்கத்து வியாபாரக் குடும்பங்களில் சென்னைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து வீடு கட்டுகிறவர்களும் அதையே கேட்கிறார்கள். மட்டக்கூரை, வெள்ளைச் சுவர், கைப்பிடி இல்லாத அலமாரி, சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே சுவர் கிடையாது. இதெல்லாம் எங்கே யார் தொடங்கி வைத்தது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். என் பத்து வயதில் மாமா மடியில் புத்தகத்தை வைத்துச் சொல்லிக்கொடுத்தது.

எங்கள் ஊர் கோட்டைப்பட்டினத்துக்குத் தெற்கே கடலை ஒட்டி இருக்கிறது. பெயர் வேண்டாம். சம்பந்தப்பட்டவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அப்பா அத்தா, அம்மா உம்மா. அத்தா சிங்கப்பூரில் கடை வைத்திருந்தார். பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்ட முடிவு செய்தபோது, எப்படிக் கட்டுவது என்பதை மைத்துனரிடம் விட்டுவிட்டார். மாமா உம்மாவுக்கு ஒரே தம்பி, அக்காவை லாத்தா என்று கூப்பிடுவார். கட்டடக்கலை படித்து, இரண்டு வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். கையில் ஒரு தடிப் புத்தகம். முழுக்கப் படங்கள்.

"இந்த நாக்காலியப் பாரு. பின்னங்கால் இருக்கா?"

"இல்ல மாமா. உக்காந்தா கவுந்துறாது?"

"கவுறாது. சைக்கிள் ஹேண்டில்பார வளைக்கிறாங்கள்ல, அதப் பாத்து ஒருத்தருக்குத் தோணிருக்கு. இதையே வளைச்சு ஏன் உக்காரக் கூடாதுன்னு."

முதல் உலக யுத்தம் முடிந்து ஜெர்மனி நொறுங்கிக் கிடந்த காலத்தில், தச்சர், நெசவாளர், ஓவியர், குயவர் எல்லோரையும் ஒரே கூரைக்குக் கீழே வைத்து ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார்களாம். எப்படியும் இனி இயந்திரம்தான் எல்லாவற்றையும் செய்யப்போகிறது, அது நல்லதாக, எளியதாக, எல்லோருக்கும் கிடைப்பதாகச் செய்யட்டும் என்பது அவர்கள் எண்ணமாம். இருட்டு அறையில் எட்டுப் பேர் படுத்துக் கிடந்த தொழிலாளிக்கு வெயிலும் காற்றும் உள்ள வீடு வேண்டும். சுவரில் ஒட்டவைத்த சுண்ணாம்புப் பூ அவனுக்கு எதற்கு? பிறகு அங்கே ஆட்சிக்கு வந்தவர்களுக்கு அது பிடிக்காமல் பள்ளிக்கூடத்தை மூடவைத்தார்கள். அதில் இருந்தவர்கள் ஊர் ஊராகச் சிதறினார்கள். அவர்கள் போன இடமெல்லாம் அந்த வடிவங்களும் போயின. இதைச் சொல்லும்போது மாமா புத்தகத்தை மூடிவிடுவார். நான் நம்பினேன். இப்போதும் நம்புகிறேன். அந்தப் பள்ளிக்கூடத்தின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

அந்தக் காலத்தில் ஒரு பெண் கட்டடக் கலைஞர் சமையலறையில் பெண்கள் எத்தனை அடி நடக்கிறார்கள் என்று கணக்குப் பார்த்து, நடையைக் குறைக்கிற மாதிரி ஒரு சமையலறை வடிவமைத்தாராம். மாமாவுக்கு அது மிகவும் பிடித்த கதை. இடிக்கப்போகிற பழைய வீட்டில் உம்மாவின் நடையை எண்ண முடிவு செய்தார். என்னைச் சுவரோரம் உட்கார வைத்து, மடியில் ஒரு படி புளியங்கொட்டையைக் கொட்டினார். ஓர் அடிக்கு ஒரு கொட்டை.

"ஏன்டா, என்னைய என்ன பந்தயக் குதிரைன்னு நெனச்சியா?" என்றார் உம்மா.

"பேசாம வேலையப் பாரு லாத்தா. நாங்க எண்றது தெரியாம நீ நடக்கணும்."

"தெரியாம எப்புடி நடக்குறது? ஒம் மருமக மூஞ்சியப் பாத்தாலே சிரிப்பு வருது."

அடுப்புக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும், தொட்டிக்கும் அம்மிக்கும் நடந்த நடைக்கெல்லாம் கொட்டை விழுந்தது. உம்மா அடிக்கடி பின்வாசலுக்கும் போய்வந்தார். அதையும் போட்டேன். மாலையில் மாமா வந்து பார்த்தார். "பின்வாசலுக்கு நடந்தது வேலை இல்லம்மா. அதக் கழிச்சிரு" என்றார். கழித்துத் தனியாக ஒதுக்கினேன். ஒதுக்கிய குவியல்தான் பெரிதாக இருந்தது. மாமா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுநாள் அந்தப் புளியங்கொட்டையை வறுத்துத் தின்றோம்.

பின்வாசல் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு வாசல். முன்வாசல் ஆண்களுக்கும் விருந்தாளிக்கும். பின்வாசல் ஒரு முடுக்கில், குறுகலான சந்தில், திறக்கும். அந்த முடுக்கில் ஆண்கள் நடப்பதில்லை. நடந்துதான் ஆக வேண்டுமென்றால் தூரத்திலேயே இருமிக்கொண்டு வருவார்கள். பெண்கள் அதன் வழியாகவே தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போய்வந்துவிடுவார்கள்.

அவர்களில் நிறையப் பேர் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார்கள். தெருவில் பாதிப் பேருக்குப் புருஷன் சவூதியில், துபாயில். போன் பேச வேண்டுமென்றால் கடைக்குப் போய், பத்துப் பேர் கேட்கப் பேச வேண்டும். அதனால் கேசட்டில் பேசி, அங்கே போகிறவர்கள் கையில் கொடுத்தனுப்புவார்கள். சொந்த வீட்டில் மாமியார் இருப்பார், நாத்தனார் இருப்பார். எங்கள் பின்கட்டில் ஓர் இருட்டறையும் ஒரு டேப் ரெக்கார்டரும் இருந்தன. உம்மா கேசட்டைப் போடுவார், சிவப்புப் பொத்தானை அழுத்துவார், "பேசு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு முடுக்குப் பக்கம் போய் மீன் ஆய உட்கார்ந்துவிடுவார். உள்ளே சிரிப்பார்கள், அழுவார்கள், சில பேர் பாட்டுக்கூடப் பாடுவார்களாம். உம்மாவுக்கு எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் இருப்பதுதான் அவர் அந்தத் தெருவுக்குச் செய்த வேலை. அதற்காகத்தான் அவரைத் தேடி வந்தார்கள்.

வீட்டு வரைபடத்தைப் பார்த்ததும் உம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"தம்பி, பின்னால ஒரு கதவு மட்டும் வையிடா."

"அது மேக்கு லாத்தா. மத்தியான வெயில் பூராவும் உள்ள எறங்கிரும். அங்கிட்டுச் செவருதான் சரி."

"வெயிலு வந்தா வந்துட்டுப் போவுது. ஆளு வரணும்ல?"

"ஆளு முன்னால வரட்டும். ஒளிஞ்சு வர்றதுக்கு இதென்ன களவாணி வீடா?"

"ஒளிய ஒரு எடம் வேணாமாடா பொம்பளைக்கு?"

"அதத்தான் மாத்தணுங்குறேன். நீ ஏன் ஒளியணும்? ஒனக்கு என்ன கொறச்சல்?"

கேட்க நன்றாகத்தான் இருந்தது. எனக்கும் மாமா பக்கம்தான் நியாயம் என்று பட்டது.

வீடு எழும்பியது. ஊரே வந்து பார்த்தது. கூடம், சாப்பிடும் இடம், சமையலறை எல்லாம் சேர்ந்து ஒரே அகலமான வெளி. சமையலுக்கு இடுப்பு உயரத்தில் ஒரு மேடை, அவ்வளவுதான். சமையல் மேடையை ஒட்டி ஒரே ஒரு படுக்கையறை. அதன் சுவரும் கூரையைத் தொடவில்லை. மேலே ஒன்றரை அடி இடைவெளி. காற்று தங்காமல் ஓடுவதற்காம். முடுக்குப் பக்கம் முழுக்கக் குருட்டுச் சுவர். கேஸ் சிலிண்டர் ஏற்றுவதற்காகச் சமையல் மேடைக்குப் பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவு, அதோடு சரி. சமையலறையில் உம்மாவின் நடை பாதியாகக் குறைந்துவிட்டது என்று மாமா திரும்ப எண்ணிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். அறந்தாங்கி சைக்கிள் கடையில் குழாய் வளைத்து இரண்டு நாற்காலி செய்து வந்து போட்டார். பின்னங்கால் இல்லாத நாற்காலி. நான் ஆடி ஆடிப் பார்த்தேன். கவிழவில்லை.

பெண்கள் வருவது நின்றுபோனது. முன்வாசல் வழியாக, நடுக்கூடத்தைத் தாண்டி, கையில் கேசட்டோடு யார் வருவார்கள்? டேப் ரெக்கார்டர் அலமாரியில் கிடந்தது. உம்மா கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து காய் நறுக்கினார். கடற்கரையில் வலை இழுக்கிறவர்கள் நிமிர்ந்தால் எங்கள் அடுப்பு தெரியும்.

கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, உம்மா ஒரு கயிற்றைக் கட்டிச் சமையல் பக்கத்தை மறைத்துச் சமுக்காளத்தைத் தொங்கவிட்டார். அடுத்த முறை வந்த மாமா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னா லாத்தா, இங்க எதுவும் கண் சிகிச்சை முகாம் நடக்குதா?"

"ஆமா. ஒனக்குத்தான் மொதல்ல பாக்கணும். முன்னால இருக்குற ஆளு தெரிய மாட்டேங்குது."

மாமா கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போனார். சமுக்காளம் இருந்தது. அதற்குப் பின்னால், சிலிண்டர் கதவு வழியாக, பெண்கள் ஒருவர் இருவராக மறுபடி வர ஆரம்பித்தார்கள். வெள்ளிக்கிழமை மதியம் ஆண்களெல்லாம் ஜும்மா தொழுகைக்குப் போன பிறகு. அந்த ஒரு நேரம்தான் எங்கள் வீட்டில் பழைய சத்தம் கேட்கும்.

தவறாமல் வந்தவர் மூன்றாவது வீட்டு மருமகள். நான் மாமி என்று கூப்பிடுவேன். இருபத்திரண்டு வயது இருக்கும். புருஷன் சவூதியில். மாமனார் இரண்டு விசைப்படகு வைத்திருந்தவர். ஐஸ் பிளான்ட் ஒன்று போட இடம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் கொழுந்தன் ஒருவன் வேலை வெட்டி இல்லாமல் இருந்தான்.

அந்த வெள்ளிக்கிழமை மாமா ஒரு போட்டோகிராபரையும் தன் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரையும் கூட்டிவந்தார். ஏதோ பத்திரிகையில் வீட்டைப் போடப்போகிறார்களாம். தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது என்று ஜும்மா நேரத்தையே அவர்தான் தேர்ந்தெடுத்தார். சமுக்காளத்தை அவிழ்த்துக் குளியலறைக்குள் எறிந்தார். காலண்டரைக் கழற்றினார். என் தலையில் இருந்த பூப்போட்ட ரிப்பனையும் உருவிவிட்டார். நாற்காலியில் உட்கார வைத்து, "அசையாத" என்றார். உம்மாவைப் படத்தில் நிற்கச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை.

கேமராவைப் பொருத்திக்கொண்டிருக்கும்போது மாமா படுக்கையறைக்குள் போய்த் தாழ்ந்த குரலில், "சார், கேக்குதுங்களா?" என்றார்.

கூடத்தில் நின்ற பேராசிரியர், "காதுக்குள்ள சொல்ற மாதிரி கேக்குதுப்பா" என்று சிரித்தார். மாமா வெளியே வந்து, இந்த வீட்டில் காற்றும் பேச்சும் முட்டாமல் போகும் என்று பெருமையாக விளக்கினார். எனக்கும் பெருமையாக இருந்தது.

அப்போதுதான் சிலிண்டர் கதவு திறந்தது. மாமி. உள்ளே ஆண்களைப் பார்த்ததும் முக்காட்டை இழுத்துக்கொண்டு திரும்பிப் போகப் பார்த்தார். உம்மா கையைப் பிடித்து நிறுத்தினார். கேசட்டைக் கொண்டுபோகிறவர் ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறார். இந்த ஒரு மணி நேரத்தை விட்டால் மாமியால் வீட்டைவிட்டு வெளியே வர முடியாது. "மெல்லப் பேசு புள்ள" என்று சொல்லி, அவரைப் படுக்கையறைக்குள் தள்ளி, டேப் ரெக்கார்டரைக் கையில் கொடுத்து, கதவைச் சாத்திவிட்டு, உம்மா கதவுக்கு வெளியே நின்றுகொண்டார்.

போட்டோகிராபர் துணிக்குள் தலையை விட்டிருந்தார். எல்லோரும் மூச்சுவிடாமல் நின்றோம். மேலேயிருந்து குரல் இறங்கி வந்தது.

"எப்புடிச் சொல்றதுன்னு தெரியல. ஒங்க தம்பி கதவத் தட்டுறாரு. ஒரு நா இல்ல, தெனமும். ஒங்க உம்மாட்டச் சொன்னேன், நீ கனவு கண்டிருப்பேங்குறாக. கதவுத் தாப்பா ஆடுது. கட்டில இழுத்துக் கதவுல போட்டுட்டுத்தான் படுக்குறேன். நீங்க வாங்க. வர முடியலேன்னா, என்னைய எங்க உம்மா வீட்டுக்காச்சும் அனுப்பச் சொல்லுங்க."

பேராசிரியர் தரையைப் பார்த்தார். போட்டோகிராபர் துணிக்குள்ளிருந்து தலையை எடுத்தார். மாமா நிமிர்ந்து பார்த்தார். சுவருக்கும் கூரைக்கும் நடுவே இருந்த அந்த ஒன்றரை அடியைப் பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், அசையாதே என்று சொன்னவர் அவர்தானே.

அந்த நேரத்தில் உம்மா சமையல் மேடையிலிருந்த எவர்சில்வர் டம்ளர்களைத் தட்டோடு கீழே தள்ளிவிட்டார். வீடே அதிர்ந்தது. குழாயை முழுக்கத் திறந்துவிட்டார். நான் தலையைத் திருப்பிப் பார்த்தேன். பட்டென்று படம் எடுத்துவிட்டார்கள்.

"லாத்தா, சத்தம் போடாம இரு" என்றார் மாமா.

மறுநாள் மாமியின் மாமியார் என்னைக் கூப்பிட்டு ஒரு தட்டு முறுக்கு வைத்தார். "போட்டா எடுத்தாங்களாமே ஒங்க வீட்ல. எல்லாம் வெள்ளையா இருக்குதாமே."

"எங்க வீட்ல ரூம்ல பேசினா ஹால்ல கேக்கும். அப்புடிக் கட்டிருக்காக."

"அப்புடியா? யாரு பேசிப் பாத்தது?"

"மாமிதான்."

"என்ன பேசுனா?"

எனக்கு ஞாபகசக்தி அதிகம். ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தேன். கடைசியில் என் சந்தேகத்தையும் கேட்டேன். "கதவத் தட்டினா தொறக்க வேண்டியதுதான? மாமி ஏன் அழுவுறாக?" அவர் எழுந்து போய், இன்னும் இரண்டு முறுக்கு கொண்டுவந்து கையில் திணித்தார்.

அன்று சாயங்காலமே அந்தக் கேசட், எடுத்துப்போக இருந்தவரிடமிருந்து மாமியின் மாமனார், அந்தப் படகுக்காரப் பெரியவர், கைக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, இரண்டு குடும்பத்துக்கும் பொதுவான நாலு பெரியவர்கள் கூடினார்கள். எங்கே? எங்கள் வீட்டுக் கூடத்தில். அதுதான் விசாலமாக இருந்தது. படகுக்காரப் பெரியவர் பேச்சைத் தொடங்கினார். தன் மருமகள் ஜும்மா நேரத்தில், மூன்று அந்நிய ஆண்கள் இருக்கிற வீட்டுக்குள் போயிருக்கிறாள். அதை மறைக்கத் தன் சின்ன மகன் மேல் பழி போடுகிறாள். கேசட்டும் கிடையாது, ஒன்றும் கிடையாது. அந்த மாமியை அவர்கள் கூட்டிவரவே இல்லை.

உம்மா மறுபடியும் சமுக்காளத்தைக் கட்டி அதற்குப் பின்னால் நின்றிருந்தார். "எல்லாம் பொய்யிங்க. அந்தப் புள்ள ரூம்ல கேசட்ல பேசிட்டுப் போச்சு. கதவு சாத்திருந்துச்சு. நான் வெளிய நின்னேன். இவுக யாரும் அதும் மொகத்தக்கூடப் பாக்கல."

பெரியவர்களில் வயதில் மூத்தவர் நல்ல மனுஷர். "நீ அந்தப் புள்ளைக்காகப் பேசுறேன்னுதான்மா சொல்லுவாக. ஒந் தம்பி சொல்லட்டும். படிச்ச புள்ள. அவரு சொன்னா நாங்க ஏத்துக்கிறோம்" என்றார். மாமா பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க இங்கனதான இருந்தீங்க. அந்தப் புள்ள ரூம்லேர்ந்து பேசினது ஒங்களுக்குக் கேட்டுச்சா?"

மாமா குழாய் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "நான் கேமராகிட்ட நின்னேங்க. வெளிச்சத்தப் பாத்துக்கிட்டிருந்தேன். எதுவும் கேக்கல."

"ரூமுக்குள்ள போனதையாச்சும் பாத்தீங்களா?"

"கவனிக்கலைங்க."

எனக்குத் தாங்கவில்லை. "கேட்டுச்சு! எனக்கே கேட்டுச்சு! மாமாவும் மேல பாத்தாக!" என்று கத்தினேன்.

நியாயத்துக்காகக் கத்தினேன் என்று நினைக்க வேண்டாம். மாமா தான் கட்டிய வீட்டையே குறைத்துப் பேசுகிறாரே என்று ஆத்திரம். அறையில் பேசினால் கூடத்தில் கேட்கும் என்று அவர்தானே பெருமையடித்தார்?

படகுக்காரப் பெரியவர் சிரித்தார். "சின்னப் புள்ளைக்கெல்லாம் சொல்லிக்குடுத்து வச்சிருக்காக." மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். மாமா என்னைப் பார்க்கவில்லை. சமுக்காளத்துக்குப் பின்னாலிருந்து உம்மா ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "தம்பி." அவ்வளவுதான். மாமா எழுந்து வெளியே போய்விட்டார்.

மாமியைத் திங்கட்கிழமை வேனில் ஏற்றித் தாய்வீட்டுக்கு அனுப்பினார்கள். சில மாதங்களில் சவூதியிலிருந்து தலாக் கடிதம் வந்தது. அந்தப் பெரியவரின் ஐஸ் பிளான்டை மாமாதான் வடிவமைத்தார். பிறகு அவர் வீடு. பிறகு கல்யாண மஹால். அங்கிருந்துதான் மாமாவின் பெயர் எழும்பத் தொடங்கியது. உம்மா, சபை கூடிய வாரமே, கொத்தனாரைக் கூப்பிட்டுப் படுக்கையறைச் சுவரைக் கூரை வரை ஏற்றினார். முடுக்குப் பக்கச் சுவரை உடைத்துக் கதவு வைத்தார். யாரும் வரவில்லை. அவர் வீட்டில் சொன்னது வெளியே போய்விடும் என்று தெருவுக்குத் தெரிந்துவிட்டது. சாகும் வரை உம்மா தன் தம்பியோடு பேசவில்லை. மாமா மேடையில் சொல்கிற சுதந்திரம் இதுதான்.

அந்த வடிவங்களைக் கண்டுபிடித்தவர்கள் முதலில் மனிதர்களைத்தான் கேட்டார்கள். எங்கே படுக்கிறாய், எவ்வளவு நடக்கிறாய், வெயில் உன் வீட்டுக்குள் வருகிறதா என்று. மாமா அவர்களிடமிருந்து சுவரை மட்டும் எடுத்துக்கொண்டார், கேள்வியை விட்டுவிட்டார். இப்போது என் கடைக்கு வருகிறவர்களும் படத்தை மட்டும்தான் கொண்டுவருகிறார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு யாரும் கதை சொல்லவில்லை. மாமாவுக்கு முழுக்கதையும் தெரியும்.

போன வருடம் அந்த மாமி என் கடைக்கு வந்தார். அண்ணன் மகன் வீடு கட்டுகிறானாம், தரைக்கு டைல்ஸ் பார்க்க வந்தார்கள். எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவர்தான் என்னைக் கண்டுபிடித்தார். நான் முறுக்கைப் பற்றிச் சொன்னேன், மன்னிப்புக் கேட்டேன். கையைத் தட்டிவிட்டார். "நீ சின்னப் புள்ளம்மா. ஒனக்கு என்ன தெரியும்?" என்றார். டைல்ஸை விரலால் தடவிக்கொண்டே, வேறு யாரிடமோ கேட்பதுபோலக் கேட்டார். "ஒங்க மாமாவுக்கு நெசமாவே கேக்கலையாம்மா? நான் ரொம்ப மெல்லப் பேசிட்டேனோன்னு இன்னமும் நெனச்சுக்கிட்டே இருக்கேன். கொஞ்சம் சத்தமாப் பேசியிருந்தா கேட்டிருக்குமோ என்னமோ."

முப்பது வருடமாகத் தன் குரல்மேலேயே பழி போட்டுக்கொண்டிருக்கிறார்.

பத்து வயதில் எனக்குக் கதவைத் தட்டுவது என்றால் என்ன என்று தெரியாது. உம்மா டம்ளரைத் தள்ளிவிட்டது கைதவறி என்று நினைத்தேன், பல வருடம் அதைச் சொல்லி அவரைக் கேலிகூடச் செய்தேன். ஒரு பெரிய மனிதன் காதில் விழுந்ததை விழவில்லை என்று முடிவு செய்துகொள்ள முடியும் என்பதும், அதைச் சொல்ல அவனுக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படாது என்பதும் எனக்குத் தெரியாது. இப்போது தெரியும்.

மாமா, என்னிடம் போனில் எதுவும் சொல்ல வேண்டாம். குடும்பத்துக்குள் பேசிக்கொள்ளலாம் என்று ஆள் அனுப்பவும் வேண்டாம். நீங்கள் அடுத்து எந்த மேடையில் ஏறினாலும் அந்தப் படத்தைத் திரையில் போடுவீர்கள். போடுங்கள். போட்டுவிட்டு, கைதட்ட உட்கார்ந்திருக்கிறவர்கள் எல்லோர் முன்னாலும், ஒலிபெருக்கியில், அந்தப் பெண்ணுக்கு ஒரே ஒரு பதில் சொல்லுங்கள். அன்று உங்களுக்குக் கேட்டதா, இல்லையா?